சென்னை மாகாணத்தில் வாக்குரிமை வளர்ந்த வரலாறு: நிலவரி ரசீதிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை

பதினெட்டு வயது நிறைந்த இந்தியக் குடிமகன் எவரும் இன்று வாக்களிக்கலாம். படிப்பு, சொத்து, சாதி, சமயம், பால் என்று எதுவும் குறுக்கே நிற்பதில்லை. இதை நாம் இயல்பான ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் மட்டுமே. மற்ற தொண்ணூற்றேழு பேருக்கும் "உனக்கு ஏன் இல்லை" என்பதற்கு ஒவ்வொரு காரணம் சொல்லப்பட்டது. ஒருவருக்கு நிலம் இல்லை, ஒருவருக்குப் படிப்பு இல்லை, ஒருவர் பெண் என்பதே போதுமான காரணமாக இருந்தது.

அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக எப்படி விலகின, வாக்கு எப்படிச் சொத்தை விட்டு ஆளிடம் வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. ஆந்திர எல்லையில் உள்ள திருத்தணியின் தேர்தல் வரலாறும் இதில் ஒரு பகுதியாக இடம்பெறுகிறது.

குடவோலை முறை: தேர்தலா, குலுக்கலா?

தமிழகத் தேர்தல் வரலாறு என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஐ ஒட்டி, இவை பொறிக்கப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அப்படி வந்தவர்களே ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் பணியாற்றினர்.

இம்முறையின் சிறப்பு அதன் தகுதி விதிகளில் இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இன்றைய அரசியலிலும் இவை தேவையான விதிகளே.

எனினும் மாணவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது பெரும்பான்மை வாக்கால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை அன்று. தகுதியுடையோருக்குள் குலுக்கி எடுக்கும் முறை. மற்றொன்று, குடத்தில் யாருடைய பெயர் விழலாம் என்பது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். பிரமதேய ஊரின் சபைக்கான விதி இது. உழுதவர்களும் பெண்களும் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்கள் பெயர் குடத்தில் இல்லை. நிலம் உள்ளவருக்கே பொதுக்காரியத்தில் இடம் என்ற எண்ணம் இங்கும் இருந்தது, கடல் கடந்த நாடுகளிலும் இருந்தது.

அமெரிக்கா காட்டிய வழியும் தடையும்

1776இல் விடுதலையை அறிவித்த அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை சொத்துள்ள ஆண்களுக்கே வாக்குரிமை வழங்கின. சொத்தில்லாதவன் பிறர் சொற்படி வாக்களிப்பான் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். நியூ ஜெர்சி மாநிலம் மட்டும் சற்று வேறுபட்டது. அங்கே ஐம்பது பவுண்டு பெறுமான சொத்துள்ள எவரும் வாக்களிக்கலாம் என்று 1776இல் விதி வந்தது. அதனால் சொத்துள்ள கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் வாக்களித்தனர். கறுப்பின மக்களில் சொத்துள்ள சிலரும் வாக்களித்தனர். 1807இல் அந்த மாநிலச் சட்டமன்றம் வாக்குரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. முப்பது ஆண்டுகள் இருந்த உரிமை ஒரே சட்டத்தில் போயிற்று.

வெள்ளை ஆண்களுக்கான சொத்துத் தகுதி மாநிலம் மாநிலமாக நீங்கி, 1856இல் வட கரோலினாவோடு முடிவுக்கு வந்தது. 1870இல் பதினைந்தாம் அரசியலமைப்புத் திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது. ஆயினும் தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி ஆகியவற்றால் கறுப்பின மக்களைத் தடுத்தன. அத்தடைகளை உடைக்க 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தேவைப்பட்டது. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல்தான்.

சட்டப் புத்தகத்தில் உரிமை இருப்பதும் வாக்குச் சாவடியில் அது கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று. இதை மனத்தில் கொண்டு சென்னை மாகாணத்துக்கு வருவோம்.

நியமனத்திலிருந்து தேர்தலுக்கு

1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டப்படி சென்னை ஆளுநரின் அவையில் சட்டம் இயற்றுவதற்காகக் கூடுதல் உறுப்பினர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்கள் அனைவரும் நியமனம் பெற்றவர்கள். 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானத்துக்குப் பின் நகராட்சிகளிலும் உள்ளாட்சிக் கழகங்களிலும் தேர்தலுக்கு இடம் விரிந்தது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் என்ற சொல்லையே தவிர்த்தது. உள்ளாட்சி அமைப்புகள், பல்கலைக்கழகம் போன்றவை பெயரைப் பரிந்துரைக்கும், ஆளுநர் நியமிப்பார். 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தில் தேர்தல் வெளிப்படையாக ஏற்கப்பட்டது. முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளும் அப்போதே வந்தன.

இந்தக் காலம் முழுவதும் சாதாரண குடியானவருக்கு இத்தேர்தல்களோடு தொடர்பே இல்லை. சட்டமன்றம் என்பது ஜமீன்தார்கள், வழக்கறிஞர்கள், பெரு வணிகர்கள் ஆகியோரின் அவையாகவே இருந்தது.

1920: முதல் பொதுத் தேர்தல்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதி, காவல் போன்றவை ஆளுநர் கையிலேயே இருந்தன.

1920 நவம்பரில் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. 127 இடங்களில் 98 தேர்தலால் நிரப்பப்படுபவை. பிராமணர் அல்லாதாருக்கென 28 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒத்துழையாமை இயக்கத்தை முன்னிட்டுக் காங்கிரசு இத்தேர்தலைப் புறக்கணித்தது. நீதிக் கட்சி வென்றது. கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். உடல்நலக் குறைவால் அவர் விலக, 1921இல் பனகல் அரசர் பொறுப்பேற்றார்.

வாக்காளர் யார்? குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் நிலவரி கட்டும் நிலத்தை உடையவர், நகரத்தில் சொத்துவரி அல்லது தொழில்வரி கட்டுபவர், வருமான வரி கட்டுபவர், படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஆகியோரே பட்டியலில் இடம் பெற்றனர். நான்கு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 12 லட்சத்து 48 ஆயிரம். அவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்தனர்.

ஆக, ஒருவர் வாக்காளரா இல்லையா என்பதை அவர் வீட்டில் இருந்த நிலவரி ரசீதே தீர்மானித்தது. ஒரே ஊரில் பட்டாதாருக்கு வாக்கு உண்டு. அவர் நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு இல்லை. வரி உயர்ந்தால் இருவரும் பாதிக்கப்படுவார்கள். கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்கே.

பெண்கள் பெற்ற வாக்கு

1917இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச ஆகியோர் அதன் முன்னோடிகள். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா வந்த மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையிலான பெண்கள் குழு சென்னையில் சந்தித்துப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. பின்னர் வந்த சௌத்பரோ குழு இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. நாட்டின் சமூக நிலை அதற்கு ஏற்றதாக இல்லை என்பது குழுவின் கருத்து. இறுதியில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது.

1921 ஏப்ரல் 1 அன்று, பெண் என்பதால் வாக்கு மறுக்கப்படக் கூடாது என்று சென்னைச் சட்டமன்றம் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். அமெரிக்கப் பெண்கள் நாடு தழுவிய வாக்குரிமை பெற்று ஓராண்டுகூட நிறையாத நேரம் அது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்தது. நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்ததால் மிகச் சில பெண்களே பட்டியலில் வந்தனர். கதவு திறந்தது, படி உயரமாகவே இருந்தது.

1926இல் பெண்கள் தேர்தலில் நிற்கவும் வழி பிறந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா அவ்வாண்டு சென்னைச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1927இல் அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் அந்த அவையில்தான் குரல் கொடுத்தார்.

ஒடுக்கப்பட்டோரும் வாக்கும்

1920இல் ஒடுக்கப்பட்ட மக்களில் நிலவரி ரசீது வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். எனவே அவர்களுடைய பிரதிநிதிகள் நியமனம் மூலமே அவைக்கு வந்தனர். எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள். பொதுச்சாலை, கிணறு ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தும் உரிமைக்காக அவையில் வாதாடினார்கள். ஆயினும் நியமன உறுப்பினரை அமர்த்துவது அரசு, மக்கள் அல்லர்.

அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டு தங்கள் மக்களுக்கு அரசியல் உரிமை கேட்டனர். 1932இல் ஆங்கில அரசு தனி வாக்காளர் தொகுதிகளை அறிவித்தது. காந்தியடிகள் அதை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தம் உருவானது. தனி வாக்காளர் தொகுதிக்குப் பதிலாகப் பொதுத் தொகுதிகளிலேயே ஒதுக்கீடு என்று முடிவாயிற்று. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன.

1937: மஞ்சள் பெட்டி

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை மேலும் விரித்தது. சொத்துத் தகுதியைக் குறைத்தது. எழுத்தறிவு உள்ளோர் போன்ற புதிய பிரிவினரையும் சேர்த்தது. ஆங்கிலேய இந்தியாவில் மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு பேர் வாக்காளர் ஆயினர்.

வாக்காளரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் இருந்ததால் சென்னை மாகாணத்தில் வண்ணப் பெட்டிகள் பயன்பட்டன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. பெயரைப் படிக்க வேண்டியதில்லை. வண்ணத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். 215 இடங்களில் 159ஐக் காங்கிரசு வென்று, 1937 ஜூலையில் இராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைத்தது. வெற்றி தோல்வியைக் காட்டிலும் இத்தேர்தல் நமக்குக் கற்பித்த ஒன்று உண்டு. படிக்காதவரால் சிந்தித்து வாக்களிக்க முடியாது என்ற வாதத்துக்கு, முறையை எளிதாக்கினால் முடியும் என்று விடை கிடைத்தது.

1952: ஆளுக்கு ஒரு வாக்கு

இந்திய அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அன்று வயது வரம்பு 21. சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றால் எவரையும் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்று 325ஆம் உறுப்பு கூறியது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டு பேர் அளவிலேயே இருந்த நாடு, எழுத்தறிவை ஒரு தகுதியாக வைக்காதது பெரிய முடிவு.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையில் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளரின் பட்டியல் உருவானது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பட்டியல் தயாரிப்பில் ஒரு சிக்கல் எழுந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க இயலாது என்று தேர்தல் ஆணையம் கூறியதால் ஏறத்தாழ 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆனால் வாக்கு குடும்பத்துக்கு உரியதன்று, அந்தப் பெண்ணுக்கு உரியது என்பதை அது உணர்த்தியது. அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் பதிவாயினர்.

திருத்தணி: ஊர் நகரவில்லை, சட்டமன்றம் மாறியது

திருத்தணி 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1952இல் இவ்வூர் மக்கள் 375 இடங்கள் கொண்ட அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போனதால் திருத்தணியும் போனது. 1955இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது திருத்தணி மக்கள் அதற்கு வாக்களித்தனர். 1957இல் சென்னை மாநிலம் புதிய சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆந்திரப் பகுதியிலோ 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே தொடர்ந்தனர்.

இதற்கிடையே வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ. சிவஞானம், தமிழாசிரியர் மங்கலங்கிழார் முதலியோர் தமிழ் பேசும் பகுதிகளை மீட்க மக்களைத் திரட்டினர். மறியலும் சிறைவாசமும் தொடர்ந்தன. எல்லைச் சிக்கலைத் தீர்க்க அமர்த்தப்பட்ட எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகவும், மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு பரிந்துரை செய்தார். 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. சென்னைச் சட்டமன்ற இடங்கள் அன்று 205இலிருந்து 206 ஆயின. 1962இல் திருத்தணி வாக்காளர் மீண்டும் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர்.

பத்தே ஆண்டுகளில் மூன்று தேர்தல். மூன்று முறையும் மாநில எல்லை வேறு. மலையும் கோயிலும் வீடும் இருந்த இடத்திலேயே இருந்தன. எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று இம்மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த விடையைக் கூட்டம், மனு, மறியல் ஆகியவற்றின் மூலம்தான் அவர்கள் தெரிவித்தனர். வாக்குச் சீட்டு வலிமையானது. எனினும் குடிமக்களின் கையில் உள்ள ஒரே கருவி அதுவன்று.

கொடுத்ததைப் பறித்தால்: மலையகத் தமிழர்

நியூ ஜெர்சியில் நடந்தது நம் அண்டை நாட்டிலும் நடந்தது. டொனமூர் குழுவின் பரிந்துரைப்படி இலங்கையில் 1931இலேயே வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. நமக்கு இருபது ஆண்டுகள் முன்பே அது நிகழ்ந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்குகளால் சௌமியமூர்த்தி தொண்டமான் முதலியோர் நாடாளுமன்றம் சென்றனர். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட, அவர்கள் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கின. தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு 1952 தேர்தலில் குரல் இல்லை. சாஸ்திரி காலத்து 1964 ஒப்பந்தம் முதல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

உரிமையைப் பறிக்கச் சிறைச்சாலை தேவையில்லை. பட்டியலில் ஒரு கோடு போதும்.

இன்றைய நிலையும் மாணவர் கடமையும்

அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால் 1989 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆயிற்று. பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 மூலம் விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள் ஒவ்வொன்றும் வயதைக் கணக்கிடும் தகுதி நாளாகும். வீடு மாறினாலும், பெயரில் பிழை இருந்தாலும் படிவம் 8 மூலம் திருத்தம் கேட்கலாம். வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்களிக்க முடியும். வரைவுப் பட்டியல் வெளியாகும்போது நம் பெயரையும், படிக்கத் தெரியாத அண்டை வீட்டாரின் பெயரையும் பார்த்துச் சொல்வது மாணவர்கள் செய்யக்கூடிய எளிய பொதுப்பணி.

குடத்தில் பெயர் இல்லாத உழவர், ரசீது இல்லாத கூலியாள், சொந்தப் பெயரில் பதிவாகாத பெண், கோடிட்டு நீக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி ஆகிய அனைவரும் இழந்தது ஒன்றுதான்: பட்டியலில் தங்கள் பெயருக்குரிய ஒரு வரி. அந்த வரி இன்று நமக்கு இருக்கிறது. அதைச் சரிபார்த்து வைத்துக்கொள்வதும், இல்லாதவருக்குப் பெற்றுத் தருவதும் நம் பொறுப்பு.